அடுப்புப் பிள்ளை

செந்தட்டிவிளை பெண்கள் கபடி விடுதியில் பிள்ளைகள் இரண்டே வகை. ஆடுகிறவள் பானை, ஆடாதவள் அடுப்பு. இந்தப் பெயரை யார் வைத்தாளோ, பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறாள். அடுப்பு எரிந்தால்தான் பானை கொதிக்கும். கொதித்து இறக்கியதைப் பந்தியில் வைப்பார்கள். அடுப்பை யாரும் பந்திக்குக் கூப்பிட்டதில்லை.

உலகம்மை அடுப்பு. விடுதியிலேயே நல்ல அடுப்பு என்று பெயர் வாங்கியவள். அந்தப் பாராட்டைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரியும்.

ஒரு வருடத்துக்கு முன்பு வரை அவளும் களத்தில் நின்றவள்தான். அவளும் ஜெனிட்டாவும் ஒரே அறை, ஒரே வயது, இரண்டு பேருமே ரெய்டு போகிறவர்கள். எதிரணிக்குள் பாடிக்கொண்டே போய், தொட்டுவிட்டுத் தப்பி வருவதில் யார் கெட்டிக்காரி என்று கேட்டால் பயிற்சியாளர் சண்முகக்கனி சாரே தலையைச் சொறிவார். அந்த நேரம் பார்த்துத்தான் சென்னையிலிருந்து நிரஞ்சனா ஒரு பெட்டியோடு வந்து இறங்கினாள். விளையாட்டுக் கருவி செய்யும் கம்பெனி ஒன்றில் ஆராய்ச்சி பார்ப்பவள், முப்பது வயது இருக்கலாம். பிள்ளைகளைப் பெயர் சொல்லி, சிரித்துப் பேசுவாள்.

“உங்க பொண்ணுங்க மேட்சுக்கு முன்னாடி என்ன வார்ம் அப் பண்றாங்க சார்?” என்று கேட்டாள்.

“கால நீட்டிக் குனிஞ்சு விரலத் தொட்டு, அப்படியே பிடிச்சுக்கிட்டு நிப்பாளுவ. எங்க காலத்துலேர்ந்து அதான்.”

“அப்படி இழுத்துப் பிடிச்சு நின்ன கையோட குதிக்கச் சொல்லிப் பாருங்க, உயரம் குறையும். ஓடி, துள்ளி, சட்டுன்னு திரும்பி, அப்படி உடம்பைச் சூடாக்குனாத்தான் காலுக்கு விசை வரும். திரும்புறதுல வேகம் வரும். முட்டியும் தாங்கும். இந்த வயசுப் பொண்ணுங்களுக்கு முட்டிதான் முதல்ல போகும்.”

“அப்ப அதையே செய்யச் சொல்லுதேன். இதுல என்ன இருக்கு?”

“போட்டி நாள்ல எத்தனை மேட்ச் சார்? ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி இப்படித் துள்ளினா வார்ம் அப்லயே பாதி மூச்சு போயிடாதா? அந்த மூச்சை வேற ஒருத்தி செலவு பண்ணினா எப்படி?”

சண்முகக்கனி சார் சிரித்துவிட்டார். “நோகாம நொங்கு திங்கதுன்னு சொல்லுங்க.”

பெட்டிக்குள் கறுப்புப் பட்டைகள் ஜோடி ஜோடியாக இருந்தன. ஜோடியில் ஒன்றை ஓடுகிறவள் தொடையில் கட்ட வேண்டும், இன்னொன்றை ஆடப்போகிறவள் தொடையில். ஓடுகிறவளின் நரம்பு எப்படித் தயாராகிறதோ, அந்தத் தயார்நிலையைப் பட்டை வாங்கி மற்றவள் உடம்புக்குக் கொடுத்துவிடும். ஆடப்போகிறவள் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தால் போதும்.

“அப்ப ஓடுனவளுக்கு?”

“மேட்ச் முடியற வரைக்கும் அசையாம உட்காரணும். அவ உடம்பு தனக்குன்னு எடுத்துக்கிட்டா அந்தப் பக்கம் போகாது. வாங்கிக்க ஆள் இல்லைன்னாலும் அப்படித்தான், சூடு அவகிட்டயே திரும்பிடும்.”

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று பரிமாற ஆள் கிடைத்தால் யார் வேண்டாம் என்பார்கள்? சாருக்குக் கோப்பை வேண்டும். கம்பெனிக்குக் கோப்பை வாங்கும் ஓர் அணி வேண்டும். பிள்ளைகளை வரிசையாக ஓடவிட்டுப் பார்த்ததில் இயந்திரத்துக்கு உலகம்மையைத்தான் பிடித்தது. துள்ளி இறங்கும்போது அவள் முட்டி உள்பக்கம் சாயாது. பாதம் பூனைப் பாதம் மாதிரி சத்தமில்லாமல் இறங்கும். உடம்பைத் தயார் செய்வதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்பதாலேயே அவள் ஆட்டம் போனது. நன்றாகச் செய்கிறவள் தலையில்தான் எல்லாவற்றையும் கட்டுவார்கள், இது எங்கும் உள்ளதுதானே.

முதல் சோதனை நாளில் ஒரு கூத்து நடந்தது. உலகம்மை ஓடித் துள்ளி முடித்தாள். முடித்ததும் கை தானாகக் கீழே போய் மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. களத்தில் இறங்கும்முன் எல்லாப் பிள்ளையும் செய்வதுதான். மண்ணை விட்டு மேட் விரிப்புக்கு மாறிய பிறகும், விரிப்பின் ஓரத்து மண்ணைத் தொடாமல் எவளும் உள்ளே கால் வைக்கமாட்டாள். அவள் தொட்ட அதே நொடியில், சுவரோரம் குதித்துக்கொண்டிருந்த ஜெனிட்டா பொத்தென்று விழுந்தாள்.

நிரஞ்சனா பட்டைகளோடு இணைத்திருந்த கணினித் திரையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். “சின்ன வயசுலேர்ந்து மண்ணைத் தொட்டதும் ஆட்டம்னு பழகின உடம்பு. தொட்ட உடனே சூட்டைத் தனக்குன்னு எடுத்துக்குது. இனிமே அடுப்... குடுக்கிற பொண்ணு மண்ணைத் தொடக் கூடாது.”

அன்றிலிருந்து அடுப்புப் பிள்ளைகளின் நாற்காலிக்கு அடியில் ஒரு ரப்பர் விரிப்பும் வந்துவிட்டது. கபடிக்காரியிடம் மண்ணைத் தொடாதே என்று சொல்கிறார்களே என்று உலகம்மை அன்றைக்குக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

சார் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சமாதானம் சொன்னார். “ஏட்டி, ஒரே ஒரு வருசம் பல்லக் கடிச்சுக்கோ. ஜூனியர்ல உனக்கு இதான் கடைசி வருசம்னு எனக்குத் தெரியாதா? மாநில இறுதிப்போட்டில ரெண்டாவது பாதிக்கு ஜெனிட்டாவ எடுத்துட்டு உன்னத்தான் எறக்குவேன். மாநில அணிக்கு ஆள் எடுக்குத தேர்வுக்குழு வந்து உக்காந்திருப்பாவ. அவுங்க உன் ஆட்டத்தப் பாத்தாப் போதும். என் பிள்ள மேல சத்தியம்.”

அந்தச் சத்தியத்தின் மேல்தான் அவள் வருடம் முழுக்க உட்கார்ந்திருந்தாள்.

உடம்பு மாறியது மெதுவாகத்தான் தெரிந்தது. ஒருநாள் சாப்பாட்டுக் கூடத்தில் சாம்பார் அண்டா மேடையிலிருந்து சரிந்தது. பிள்ளைகள் எல்லோரும் அலறிக்கொண்டு துள்ளி ஒதுங்கினார்கள். உலகம்மை அண்டா சரிவதைப் பார்த்தாள், ஒதுங்க வேண்டும் என்றும் நினைத்தாள். கால் மட்டும் வரவில்லை. பாதம் வெந்து தோல் உரிந்தது.

மருந்து போட வந்த நிரஞ்சனாவிடம் கேட்டாள். “ஏன் மேடம் நான் நவுரல?”

நிரஞ்சனா பஞ்சை மருந்தில் நனைத்தாள். “தினமும் உன்னைப் பந்தியில உட்கார வெச்சு, இலை போட்டு, தண்ணி தெளிச்சு, சோறு போடாம எழுப்பி விட்டா என்ன ஆகும்? கொஞ்ச நாள்ல இலையைப் பார்த்தாப் பசிக்காது. உன் உடம்பு அப்படி ஆகுது. தயாராகித் தயாராகி ஒண்ணும் நடக்கலைன்னதும், இனிமே எதுக்குத் தயாராகணும்னு விட்டுடுச்சு.”

“சரியாயிருமா?”

“ஆகணும்” என்றாள் நிரஞ்சனா.

அடுப்பின் பாடு இப்படி என்றால் பானையின் பாடும் ஒன்றும் சுகமில்லை. இறுதிப்போட்டிக்கு முந்தின வாரம், துணி காயப்போட மாடிக்குப் போன இடத்தில் ஜெனிட்டா வாளியை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

“பட்டை இல்லாம படியேறுனாக்கூட கால் கட்டையாட்டம் இருக்குட்டி. தனியா ஓடிப் பாத்தேன். உடம்பு சூடாவவே மாட்டேங்கு. எல்லாரும் என்னப் புலிங்கா. உன் சூட்ட வாங்கி ஆடுத புலி.”

“சும்மா கெட. கப்பு வாங்குனா உம் பேருதான் பேப்பர்ல வரும்.”

“அந்தாளு உன்ன எறக்குவாருன்னு நெனைக்கியா?”

“சத்தியம் பண்ணிருக்காருல்லா?”

ஜெனிட்டா ஈரத் துணியைப் பிழிந்தாள். பிழிந்ததையே மறுபடி பிழிந்தாள். “அவரு எறக்கலன்னா நான் எறக்குவேன். ரெண்டாவது பாதில நான் வெளிய வாறேன், நீ உள்ள போ. மாதாவாண.”

இரண்டு சத்தியங்கள் கையில் இருந்தால் ஒன்றாவது பலிக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். உலகம்மையும் நினைத்தாள்.

இறுதிப்போட்டி அன்று மாலை அரங்கம் நிரம்பி வழிந்தது. உலகம்மை பின்புறத் திடலில் ஓடினாள், துள்ளினாள், பக்கவாட்டில் பாய்ந்து திரும்பினாள். இதுவே கடைசி என்ற எண்ணத்தில் அவ்வளவு சுத்தமாகச் செய்தாள். பிறகு களத்தோரம் ரப்பர் விரிப்பின் மேல் போட்டிருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் வழக்கம்போலத் தொடை குளிர்ந்து மரத்தது. களத்தில் ஜெனிட்டா பறந்தாள். தேர்வுக்குழுவினர் ஒருவர் காதை ஒருவர் கடித்துக்கொண்டார்கள்.

இடைவேளையில் இரண்டே புள்ளிதான் முன்னிலை. உலகம்மை சாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சார் தண்ணீர் பாட்டிலைப் பார்த்தார், புள்ளிப் பலகையைப் பார்த்தார், மேலே எரிகிற விளக்கைக்கூடப் பார்த்தார்.

“சார், ரெண்டாவது பாதின்னு சொன்னிய...”

“இப்பப் போய் மாத்தச் சொல்லுதியே, உனக்குக் கூறு இருக்கா? ரெண்டு பாயின்ட்டுட்டி. அடுத்த வருசம் பாப்போம்.”

அடுத்த வருடம் அவளுக்கு ஜூனியர் வயது தாண்டிவிடும் என்பது அவருக்கே தெரியும். அவள் ஜெனிட்டாவைத் தேடினாள். கழிப்பறைப் பக்கமிருந்து வந்த ஜெனிட்டா முகத்தைத் துடைத்த துண்டைச் சுருட்டி, நாற்காலி அருகே கிடந்த உலகம்மையின் பைக்குள் எறிந்தாள். அவள் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவே இல்லை. ஊதல் கேட்டதும் மற்றவர்களோடு சேர்ந்து மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வேர்வைத் துண்டைப் போட மட்டும் நான் வேண்டும் என்று உலகம்மை நினைத்தாள். தொடையில் சுருக்சுருக்கென்று ஊசி குத்தியது. காது சூடாகியது. கோபம் என்றே நினைத்துக்கொண்டாள். இப்படி ஒரு கோபம் தனக்கு வரும் என்று அவளுக்கே தெரியாது.

ஜெனிட்டாவின் முதல் ரெய்டு சப்பென்று போனது. யாரையும் தொடாமல் திரும்பி வந்தாள். அடுத்த ரெய்டும் அப்படியே. “என்னட்டி ஆச்சு ஒனக்கு? தூங்குதியா?” என்று சார் கத்தினார். மூன்றாவது தடவை ஜெனிட்டா எதிரணியில் மூலையில் நின்று பிடிக்கிற மூலைக்காரிக்கு நேராக, பிடி என்று கொடுக்கிறவள் மாதிரி போனாள்.

இப்போது கூட வெளியே வரமாட்டேன் என்கிறாளே என்றுதான் உலகம்மைக்குப் பட்டது. சூட்டை நிறுத்தினால் தளர்ந்து மாட்டிக்கொள்வாள். அவுட் ஆனால் சாருக்கு வேறு வழி இருக்காது. அவ்வளவுதான் யோசித்தாள். முட்டியைப் பற்றி யோசிக்கவில்லை, சாமி சத்தியமாக யோசிக்கவில்லை. நாற்காலியிலிருந்து குனிந்து, ரப்பர் விரிப்பைத் தாண்டிக் கையை நீட்டி, மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

நிமிர்ந்தபோது ஜெனிட்டா உடம்பைத் திருப்ப முயன்றுகொண்டிருந்தாள். பாதம் விரிப்பில் பதிந்து நின்றுவிட, உடம்பு மட்டும் திரும்பியது. முட்டி உள்பக்கம் மடங்கியது. பச்சைக் கம்பை ஒடித்ததுபோல ஒரு சத்தம், அப்புறம் ஜெனிட்டாவின் அலறல்.

உலகம்மை எழுந்து நின்றாள். ஒரு வருடமாக மறந்திருந்த சூடு பாதத்திலிருந்து உச்சி வரை ஏறியது. விரல் நுனி வரை விழித்துக்கொண்டது. தோழி கிடந்து துடிக்கும்போது உடம்பு இப்படிச் சந்தோஷப்படுகிறதே என்று அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் சந்தோஷம் சந்தோஷம்தான், அதை இல்லை என்று சொல்ல முடியாது.

“ஏட்டி உலகம்ம, நீ எறங்கு!” என்றார் சார்.

இறங்கினாள். தொட்ட மண் கையில் ஒட்டியிருக்க, இன்னொரு தடவை தொடாமலேயே இறங்கினாள். அன்றைக்கு அவள் ஆடிய ஆட்டத்தைச் செந்தட்டிவிளையில் இன்றும் சொல்வார்கள். மூன்று பேர் பிடியிலிருந்து வழுக்கி வந்தாள், போனஸ் கோட்டைக் காலால் கேலி செய்துவிட்டு வந்தாள். கோப்பை வந்தது. சார் அவளைத் தூக்கிச் சுற்றினார்.

உடை மாற்றும் அறையில் முகம் துடைக்கப் பையைத் திறந்து, ஜெனிட்டாவின் துண்டை உதறினாள். கறுப்புப் பட்டை கீழே விழுந்தது.

அது ஜெனிட்டாவின் தொடையில் இருக்க வேண்டிய பட்டை. உலகம்மைக்கு விளங்க வெகுநேரம் ஆகவில்லை. இடைவேளையிலேயே கழற்றியிருக்கிறாள். சூடில்லாத காலோடு உள்ளே போயிருக்கிறாள். பிடிபட்டு வெளியே வந்து இடம் விடத்தான் அந்த மூலைக்காரியிடம் போய் நின்றிருக்கிறாள். மாதா மேல் இட்ட ஆணையை அவள் காப்பாற்றிக்கொண்டிருந்த நேரத்தில்தான் உலகம்மையின் கை மண்ணுக்குப் போனது. தொடையில் குத்திய ஊசி கோபம் இல்லை. யாரும் வாங்கிக்கொள்ளாததால் திரும்பி வந்த சூடு அது.

வாசலில் நிரஞ்சனா நின்றாள். முகம் வெளுத்திருந்தது. அவள் பார்வை பட்டையின் மேலேயே இருந்தது.

“ஒங்களுக்குத் தெரியுமா மேடம்?”

“திரையில தெரிஞ்சுது. ரெண்டாவது பாதி ஆரம்பிக்கும்போதே தொடர்பு இல்லை.”

“அப்பவே சொல்லிருந்தா அவளக் கூப்பிட்டிருப்பாவளே.”

“கம்பெனி ஆளுங்க மேல உட்கார்ந்திருந்தாங்க. பைனல்ல கருவி நின்னுபோச்சுன்னு எப்படிச் சொல்றது... ஏதோ கோளாறு, தானா வந்துடும்னு நினைச்சேன்.” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “இங்க பாரு உலகம்மை. அவளே கழட்டினான்னு தெரிஞ்சா கம்பெனி ஆபரேஷன் செய்யாது, ஒப்பந்தம் அப்படி. அவ அதுக்கப்புறம் நடக்கிறதே கஷ்டம். நீ மண்ணைத் தொட்டதை எல்லாரும் பார்த்தாங்க, வீடியோவுலயும் இருக்கு. அதனாலதான் ஆச்சுன்னா, பொறுப்பு எங்களோடது. செஞ்சு கொடுத்துடுவோம்.”

“ஒங்க தப்பும் வெளிய தெரியாது.”



பட்டையைத் துண்டிலேயே சுருட்டிப் பையின் அடியில் வைத்தாள் உலகம்மை. சார் உள்ளே வந்தபோது அவருக்குப் பின்னால் தேர்வுக்குழுவின் பெரியவரும் நின்றார். சாரின் கையிலிருந்த போனில் அவள் குனிந்து மண்ணைத் தொடுவது திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. அரை மணி நேரத்துக்கு முன் அவளைத் தூக்கிச் சுற்றிய மனிதரா இவர் என்று இருந்தது.

“மண்ணத் தொட்டியா?”

“தொட்டேன் சார்.”

“தொட்டா அவளுக்கு நின்னு போவும்னு தெரியுமா, தெரியாதா?”

“தெரிஞ்சுதான் தொட்டேன்.”

அவள் பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. தேர்வுக்குழுப் பெரியவர் மாநில அணிப் பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

அடுத்த மாதமே விடுதிக்குப் புது நாற்காலிகள் வந்தன. கைப்பிடியில் பஞ்சு வைத்த வார் தைத்திருந்தது. அடுப்புப் பிள்ளைகள் உட்கார்ந்ததும் கையைக் கட்டிவிட வேண்டும் என்று விதி. வலிக்காது, மெத்தென்று இருக்கும் என்று நிரஞ்சனா சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாளாம்.

அதெல்லாம் பிறகு. போட்டிக்கு மறுநாள் காலை உலகம்மை நின்றது மருத்துவமனை வராந்தாவில். ஜெனிட்டாவின் அம்மா ரெஜினா அவளைப் பார்த்த மாத்திரத்தில் ஓங்கி அறைந்தாள். “ஒரே தட்டுல தின்னியளேட்டி! எம்பிள்ள கால முறிக்க ஒனக்கு எப்படி மனசு வந்திச்சு?” ஊர் ஜனம் மொத்தமும் வேடிக்கை பார்த்தது. உலகம்மை அடுத்த கன்னத்தையும் ஒதுக்காமல் நின்றாள். அந்த அறை வருவது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. இந்தத் தடவை உடம்பு ஒதுங்கவும் தயாராகத்தான் இருந்தது. அவள்தான் ஒதுங்கவில்லை.

ரெஜினா அழுது ஓய்ந்து மருந்து வாங்கப் போன நேரத்தில் உள்ளே போனாள். ஜெனிட்டாவின் கால் இடுப்பு வரை கட்டுப்போட்டுத் தூக்கிக் கட்டியிருந்தது. வலிக்குப் போட்ட ஊசியின் மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் கண்ணைத் திறந்தாள்.

“பட்டயப் பாத்தியா?”

“பாத்தேன். யாருட்டயும் சொல்லிராத. நீ கழட்டுனன்னு தெரிஞ்சா ஆபரேசன் கெடையாது.”

“சரி.” நாக்கு குழறியது. “நீ ஆடுனியாட்டி?”

“ஆடுனேன்.”

“கப்பு?”

“நமக்குத்தான்.”

ஜெனிட்டா கையை நீட்டி அவள் விரலைப் பிடித்துக்கொண்டாள். “ஒரு வருசமா தொட விடலையே உன்ன. உள்ள போவும்போது மண்ணத் தொட்டுக் கும்பிட்டுட்டுத்தான போன?”

உலகம்மை கையை உருவிக்கொள்ளப் பார்த்தாள், ஜெனிட்டா விடவில்லை.

“தொட்டேன்” என்றாள்.

“அதாம்ட்டி செயிச்சிருக்கு” என்று ஜெனிட்டா சிரித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.